அந்தச் சுவர் மட்டும் இல்லேன்னா

லிஃப்ட்காரருக்கு வீடு விற்கத் தெரியாது. அதை அவரே ஒப்புக்கொள்வார். முப்பத்தொரு வருடம் அவர் பார்த்த வேலையில் யாருக்கும் எதையும் விற்க வேண்டி வந்ததில்லை. நின்றுபோன லிஃப்டைத் திறப்பார், உள்ளே தலையை விடுவார், ஓட வைப்பார், கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புவார். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியும் தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர்.

வீட்டை விற்கும்படி ஆனதற்குக் காரணம் மூன்று கிலோ இருந்தது. மகளுக்குப் பெண் குழந்தை. மகள் இருப்பது வேறு ஊரில், ரயிலில் ஒன்பது மணி நேரம். பிரசவத்துக்குத் துணையாகப் போன மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. மகள் குடியிருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு வீடு விலைக்கு வருவதை மோப்பம் பிடித்துவிட்டாள். அதன் சொந்தக்காரர் ஒரு மருந்துக்கடைக்காரர். மகளின் முகத்துக்காக இரண்டு மாதம் பொறுப்பதாக ஒத்துக்கொண்டார். அதற்குள் இந்த வீடு விற்றால் அந்த வீடு இவர்களுக்கு. இல்லையென்றால் வேறு ஆள் காத்துக்கொண்டிருக்கிறார்.

இதில் கஷ்டம் என்னவென்றால், லிஃப்ட்காரர் பேத்தியை இன்னும் கையில் வாங்கவில்லை. வீடு பார்க்க எவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. பூட்டிவிட்டுப் போனால் வந்தவர் திரும்பிப் போவார். ஆகவே பேத்தியை செல்போனில்தான் பார்த்தார். மனைவி தினமும் மூன்று வேளை காட்டினாள்.

"பாருங்க, உங்க மூக்கு அப்படியே இருக்கு. பாவம், பொண்ணாப் போச்சு."

"என் மூக்குக்கு என்ன குறைச்சல்?"

"ஒரு குறைச்சலும் இல்ல. கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்."

வீட்டை விற்றுத் தர ஒரு தரகரம்மா வந்தார். நாற்பது வயது, ஸ்கூட்டர், இரண்டு போன். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வீடு பார்த்துவிட்டுப் போனவர்களை அன்று சாயங்காலமே கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்பார். என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை, மறுபடி வருவீர்களா. வந்த பதிலைப் பாதியாக்கி, அதிலும் சர்க்கரை தூவி, வீட்டுக்காரரிடம் சொல்வார். லிஃப்ட்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"பூசி மெழுகற வேலை எங்கிட்ட வேணாம் தங்கச்சி. அவங்க சொன்னத அப்படியே சொல்லு."

"தாங்குவீங்களா அண்ணே?"

"ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டவங்க என்னைத் திட்டினதெல்லாம் நீ கேட்டதில்ல."

முதலில் வந்தது புதிதாகக் கல்யாணமான ஜோடி. அவர்கள் வருவதற்குள் லிஃப்ட்காரர் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு வேலை செய்து வைத்திருந்தார். அவர் தொழிலில் ஒரு சட்டம்: கண்ணில் பட்ட குறையைச் சீட்டில் எழுதி அங்கேயே தொங்கவிட வேண்டும். அடுத்து வருகிறவன் தெரியாமல் காலை வைத்துவிடக் கூடாது. அந்தப் பழக்கத்தில் வீடு முழுக்க முப்பத்தேழு மஞ்சள் சீட்டுகளைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். 'மழைக்காலத்தில் இந்த ஜன்னல் மூடாது. தோளால் தள்ளவும்.' 'இந்தக் குழாய் முதலில் இருமும். பிறகுதான் தண்ணீர் தரும்.' 'மூன்றாம் படி மற்ற படிகளைவிட ஒரு விரல் உயரம். கவனம்.'

அந்தப் பெண் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தாள். பையன் ஏழாவது சீட்டிலேயே வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

அன்று சாயங்காலம் தரகரம்மா நேரிலேயே வந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு நோயாளியப் பாக்கப் போன மாதிரி இருந்துச்சாம். கட்டில்ல சீட்டு மாட்டியிருக்குமே, அந்த மாதிரி. என்ன அண்ணே இது?"

"குறைய மறைச்சா ஆள் விழுந்துடுவான்மா."

"இது வீடு. இதுல எங்க போய் விழுவாங்க?"

"மூணாவது படியில."

தரகரம்மா கத்தரிக்கோல் வாங்கி, முப்பத்தேழு கயிற்றையும் தன் கையாலேயே வெட்டினார். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் வாயைத் திறக்காதீர்கள் என்று பாடம் நடத்திவிட்டுப் போனார்.

அடுத்து வந்தது கணவன், மனைவி, மாமியார் என்று மூன்று பேர். லிஃப்ட்காரர் சொன்ன சொல் தவறவில்லை. வீட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் சும்மா நிற்கவும் முடியவில்லை. மாமியார் மரியாதைக்கு, "பிள்ளைங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், போன் வெளியே வந்தது. பேத்தி தூங்குவது, பேத்தி தூங்கி எழுவது, பேத்தி மறுபடி தூங்கப் போவது.

"என்ன சொன்னாங்க?" என்று சாயங்காலம் தரகரம்மாவை அவரே கூப்பிட்டுக் கேட்டார்.

"பாப்பா ரொம்ப அழகா இருக்குன்னு சொன்னாங்க."

"அது தெரிஞ்சதுதானே. வீடு?"

"வீடு ஞாபகமில்லயாம்."

அதோடு தரகரம்மா அவரை வீட்டைவிட்டுத் தள்ளி வைத்தார். ஆள் வரும் நேரத்தில் லிஃப்ட்காரர் வீட்டில் இருக்கக் கூடாது. எதிர்வரிசையில் ஒரு முடிதிருத்தும் கடை இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தால் கண்ணாடிக்குள் தன் வீட்டு வாசல் தெரிந்தது. யார் உள்ளே போகிறார்கள், எத்தனை நிமிடத்தில் வெளியே வருகிறார்கள், வரும்போது முகம் எப்படி இருக்கிறது, எல்லாம் அதிலேயே கணக்கெடுத்தார்.

"சொந்த வீட்டுக்குள்ள போகத் தடை வாங்கின ஒரே ஆள் நீங்கதான்," என்றார் கடைக்காரர்.

"வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு."

"என்ன வேலை? இந்த வாரம் நாலாவது தடவ சவரம் பண்றேன். இனிமே வழிச்சா தோல்தான் வரும்."

இப்படி ஒரு மாதம் ஓடியது. ஆறு பேர் பார்த்தார்கள். நாலு பேர், "நல்லா இருக்கு, கலந்து பேசிட்டு சொல்றோம்" என்றார்கள். லிஃப்ட்காரர் அந்த நாலு பேருக்காகக் காத்திருந்தார். போன் பக்கத்திலேயே சாப்பிட்டார். ஒருவரும் கூப்பிடவில்லை. ஒருவருக்கு வாசல் பார்க்கும் திசை பிடிக்கவில்லை. இன்னொருவருக்கு, அடுத்த வீட்டு நாய் தன்னை முறைத்தது பிடிக்கவில்லை.

இதையெல்லாம் அவர் பழைய பழக்கத்தில் ஒரு நோட்டில் எழுதினார். தேதி, புகார், எடுத்த நடவடிக்கை. அவர் வேலையில் இன்னொரு சட்டமும் உண்டு: காலையில் வந்த புகார் பொழுது சாய்வதற்குள் தீர வேண்டும். சமையலறை விளக்கு மங்கல் என்று ஒருவர் சொன்னார், அன்றே மாற்றினார். கதவு கிறீச்சிடுகிறது என்றார்கள், எண்ணெய் விட்டார். நாய்க்கு எதிரே மட்டும், 'நம் கையில் இல்லை' என்று எழுதிவிட்டு, மனசு கேட்காமல் அடுத்த வீட்டுக்காரரிடம் போய், ஆள் வரும்போது அதைக் கொல்லையில் கட்ட முடியுமா என்று கேட்டுவிட்டும் வந்தார்.

கெடுவுக்குப் பத்தொன்பது நாள் இருந்தபோது ஒரு புத்தகக் கடைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரர் நாற்பது நிமிடம் எண்ணினார். அதுவரை எவரும் அவ்வளவு நேரம் உள்ளே இருந்ததில்லை. வெளியே வந்த பிறகும் வாசலில் நின்று கூரையைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் தரகரம்மா போனில் சொன்னார்: "ரொம்பப் பிடிச்சிருக்காம் அண்ணே. சமையல்கட்டுதான் மூச்சு முட்டுதாம். கூடத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்கே, அந்தச் சுவர் மட்டும் இல்லேன்னா இன்னைக்கே முடிச்சிருப்போம்னு அந்தம்மா சொன்னாங்க."

லிஃப்ட்காரர் போனை வைத்தார். நோட்டை எடுத்தார். தேதி எழுதினார். புகார் என்ற இடத்தில் 'சுவர்' என்று எழுதினார். பிறகு எழுந்து போய் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தார். ஒற்றைச் செங்கல், மேலே பாரம் எதுவும் தாங்கவில்லை. பிற்பாடு தடுத்துக் கட்டிய சுவர். அதில் ஒரே ஒரு சுவிட்ச். மின்சாரத்தை நிறுத்தி, வயரைக் கழற்றி, முனையை மூடினார். அந்த வகையில் அவர் வேலை சுத்தம்.

மறுநாள் விடிந்ததும் உளியையும் பெரிய சுத்தியலையும் எடுத்தார். சாப்பாட்டு நேரத்துக்குள் சுவர் தரையில் கிடந்தது. தலை, புருவம், மூக்கு எல்லாம் சுண்ணாம்பு. தரகரம்மாவைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, சுவர் இல்ல."

"எந்தச் சுவர்?"

"அவங்க வேணாம்னு சொன்ன சுவர்."

"அண்ணே," என்றார் தரகரம்மா, குரலை இறக்கி, "நான் சொன்னது அவங்க என்ன நினைக்கறாங்கன்னு. உங்கள என்ன செய்யச் சொன்னாங்கன்னு இல்ல."

"அந்தம்மாவுக்குப் போன் போடு. நாளைக்கே வந்து பாக்கட்டும்."

தரகரம்மா கூப்பிட்டார். பத்து நிமிடத்தில் திரும்ப வந்த பதிலை, கேட்டுக்கொண்டபடி, சர்க்கரை தூவாமல் சொன்னார். புத்தகக் கடைக்காரர்கள் வேறொரு வீட்டை இங்கே வருவதற்கு முந்தின நாளே முடித்துவிட்டார்கள். இந்த வீட்டைப் பார்க்க வந்ததே முன்கூட்டி ஒத்துக்கொண்டதால்தான். முகத்தில் அடித்த மாதிரி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அந்தம்மா கண்ணில் பட்ட ஒரு சுவரைச் சொல்லி வைத்தார்.

"நிஜமாவே இடிச்சுட்டாரான்னு கேட்டு அழற மாதிரி ஆயிட்டாங்க. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேங்கறாங்க."

லிஃப்ட்காரர் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்தார். முப்பத்தொரு வருடத்தில் சும்மா ஒரு பேச்சுக்கு லிஃப்ட் நின்றுபோச்சு என்று யாரும் புகார் கொடுத்ததில்லை.

மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லாமல் சமாளிக்கலாம் என்று நினைத்தார். சாயங்காலம் கூடத்தில் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, பேத்தியைப் பார்த்துச் சிரித்தார். மனைவி போனைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"நீங்க கூடத்துலதானே உக்காந்திருக்கீங்க?"

"ஆமா."

"உங்க முதுகுக்குப் பின்னால எப்படி அடுப்பு தெரியுது?"

அதன் பிறகு கேட்டதை எழுத வேண்டியதில்லை. மகள் குழந்தையோடு அடுத்த அறைக்குப் போய்விட்டாள் என்பது மட்டும் போதும்.

மறுநாள் வந்த ஒருவர் வாசற்படியோடு நின்று, வீடு தானாக இடிகிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். லிஃப்ட்காரர் இடிபாட்டை வாரி வெளியே போட்டார். இடித்த ஓரத்தைச் சிமென்ட் வைத்து ஒழுங்காக்கினார். நோட்டை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். கெடுவுக்குப் பதினோரு நாள் இருந்தது. 'மருந்துக்கடைக்காரர் நேத்தும் விசாரிச்சார்ப்பா' என்று மகள் மெதுவாகச் சொன்னாள். மனைவி குழந்தையை ஒரு வேளை மட்டும் காட்டிவிட்டுப் போனை வைத்தாள். அது அவருக்கு அதிகமாக உறைத்தது.

அந்த நிலையில் ஒரு விளையாட்டு டீச்சர் வந்தார். பள்ளிக்கூடம் முடிந்து நேராக வந்ததால் கழுத்தில் விசில் தொங்கியது.

"இந்தத் தடவ நீங்க இருங்க அண்ணே," என்று தரகரம்மா முன்பே சொல்லியிருந்தார். "அந்த ஓட்டைக்கு நான் என்ன கதை சொல்றது? நீங்களே பதில் சொல்லுங்க."

டீச்சர் விறுவிறுவென்று நடந்தார். அறைகளைக் காலடியால் அளந்தார். கூடத்துக்கு வந்ததும் நின்றார்.

"இது ஏன் இப்படி இருக்கு?"

"இங்க சுவர் இருந்துச்சும்மா. ஒருத்தங்க, இது இல்லேன்னா வாங்கியிருப்போம்னு சொன்னாங்க. இடிச்சுட்டேன்."

"அவங்க வாங்கினாங்களா?"

"இல்ல."

"இப்ப நான் ஒண்ணு சொன்னா அதையும் இடிப்பீங்களா?"

"இனிமே மாட்டேன்."

டீச்சர் சிரித்தார். சிரிப்பு அடங்காமல் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தார். தரகரம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டார். லிஃப்ட்காரருக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் டீச்சர் கேட்டதற்கெல்லாம், கூட்டாமல் குறைக்காமல் பதில் சொன்னார். போனை வெளியே எடுக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் தரகரம்மா கூப்பிட்டபோது குரலிலேயே உற்சாகம்.

"அண்ணே, எட்டு குறை சொல்லியிருக்காங்க!"

"எட்டா?" லிஃப்ட்காரருக்கு முகம் விழுந்தது. பழக்க தோஷம், கை போய் இழுப்பறையை இழுத்தது.

"என்ன சத்தம் அது? சுத்தியல எடுக்கறீங்களா? எடுத்தீங்கன்னா நான் அந்தத் தெருப்பக்கமே வரமாட்டேன், சொல்லிட்டேன்."

"நோட்டும்மா."

"நோட்டும் வேணாம். இத்தன நாள் வந்தவங்க என்ன சொன்னாங்க? நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. இந்தம்மா, பீரோ வைக்க மூல பத்தாது, துணி காயப்போட வெயில் வராது, சைக்கிள் எங்க நிறுத்தறதுன்னு கேக்கறாங்க. குடியிருக்கப் போறவங்களுக்குத்தானே சைக்கிளப் பத்திக் கவலை? மனசுக்குள்ள அவங்க ஏற்கெனவே சாமான் இறக்கிட்டாங்க. நாளைக்கு அக்காவோட வராங்க. ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க. எதையும் தொடாதீங்க."

அக்கா ஒரு கறார்ப் பேர்வழி. மறுநாள் வந்ததும் எட்டுக் குறைகளையும் ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். துணி காய வெயில் வராது என்பது உண்மை, சாப்பாட்டு நேரத்துக்கு மேல்தான் வரும் என்றார் லிஃப்ட்காரர். சைக்கிள் பின்பக்கம் நிற்கும், ஆனால் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா கடைசியில் அந்த இடத்துக்கு வந்தார்.

"தாளிச்சா நெடி படுக்கை வரைக்கும் வரும். எங்களுக்கு இங்க சுவர் வேணும். கட்டிக் குடுத்துடுங்க, எழுதிக்கலாம்."

லிஃப்ட்காரருக்கு, 'ஆகட்டும், நாளைக்கே' என்பது தொண்டை வரைக்கும் வந்தது. அவர் வாழ்க்கையில் புகாருக்குச் சொன்ன ஒரே பதில் அதுதான். ஆனால் அவர் லிஃப்ட்காரர், கொத்தனார் இல்லை. தெருமுனைக் கொத்தனார் கையில் வேலை வைத்திருந்தார், பத்து நாள் கழித்துத்தான் வர முடியும் என்று ஏற்கெனவே கையை விரித்திருந்தார். பத்து நாளில் கெடு முடிந்துவிடும்.

"என்னால கட்டித் தர முடியாதும்மா," என்றார். தரகரம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். "சுவரும், பூச்சும், சுண்ணாம்பும் எவ்வளவு ஆகுமோ அத விலையில கழிச்சுக்குங்க. நீங்க வந்து உங்களுக்குப் பிடிச்ச மாதிரி கட்டிக்குங்க."

"கூடவே அலைச்சலுக்கும் கொஞ்சம் கழிக்கணும்," என்றார் அக்கா.

லிஃப்ட்காரர் ஒரு நிமிடம் அவகாசம் கேட்டு, கொல்லைப்பக்கம் போய் மனைவியைக் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னார். அலைச்சலையும் சொன்னார்.

"இவ்வளவு எதுக்குக் கழிக்கணும்னு கேக்கமாட்டியா?"

"இங்க பாருங்க. இன்னும் ஒரு மாசம் நீங்க அங்கயே இருந்தா, இவ உங்களப் பாத்து யாரு இந்தாளுன்னு கேப்பா. கழிச்சு விட்டுட்டு வாங்க."

"ரெண்டு மாசக் கொழந்த எப்படிக் கேக்கும்?"

"உங்க மூக்கு இருக்கு, என் வாய் இருக்காதா?"

கெடுவுக்கு ஆறு நாள் இருக்கும்போது பத்திரத்தில் கையெழுத்து ஆனது. சாமான் லாரியில் போனது. லிஃப்ட்காரர் ரயிலில் போனார்.

மகள் வீட்டு வாசலில் மனைவி குழந்தையைக் கையில் கொடுத்தாள். லிஃப்ட்காரர் அதை வாங்கி, முழங்கையில் தலையை வைத்து, ஒரு கணம் அப்படியே பாரம் பார்த்தார்.

"நாலு கிலோ எழுநூறு."

"நேத்துதான் ஆஸ்பத்திரியில நிறுத்தோம்," என்றாள் மகள். "நாலு கிலோ எழுநூத்தம்பதுப்பா."

"அந்த அம்பது, துணி. நான் அதக் கழிச்சுட்டேன்," என்றார்.

மறுநாள் காலை தரைத்தள வீட்டைப் பார்க்கப் போனார். மருந்துக்கடைக்காரர் கதவைத் திறந்துவிட்டு அவர் பின்னாலேயே நடந்தார். லிஃப்ட்காரர் நின்றால் நின்றார். ஒரு குழாயைத் திறந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இவர் எதையும் கேட்காதது அவரைப் பாடாய்ப் படுத்தியது. லிஃப்ட்காரருக்கு அது தெரிந்தது. தெரிந்தும், ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் கூடத்துக்குத் திரும்பினார்.

"எப்படி சார் இருக்கு?" என்றார் மருந்துக்கடைக்காரர். "கூச்சப்படாம சொல்லுங்க. குறை எதுவும் இருந்தா நாளைக்கே ஆள விட்டு..."

"பதினோரு குறை இருக்கு."

மருந்துக்கடைக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"நீங்க எதையும் தொடாதீங்க," என்றார் லிஃப்ட்காரர். "சாவி எப்பத் தருவீங்க?"

"இப்பவே தரேன் சார்." மனிதருக்கு உயிர் வந்தது. பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டியவர் கையை இழுக்காமல் நின்றார். "ஆனா பதினொண்ணா? இருபது வருஷமா இருக்கேன், எனக்கு ரெண்டுதான் தெரியும்."

இருவரும் ஜன்னல் ஓரத்திலிருந்து ஆரம்பித்தார்கள். நாலாவது, குளியலறைக் கதவு. அதைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தபோது மேலே குழந்தை அழுதது. மிச்சத்தைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் படியேறினார்.